புள்ளிகள் எவ்வளவு சீராகப் பரந்துள்ளன? சைபை நூலகத்தின் விலகல் அளவுக் கருவி பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உள்ள சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் நீர் எவ்வளவு இறைப்பைத் தாங்கும் என்று கணிக்கும் மாதிரியுரு ஒன்றை அமைப்பவருக்கு, மாரி மழையின் அளவு, அதில் நிலத்துள் இறங்கும் பங்கு, தோட்டக் கிணறுகளின் இறைப்பு, கல்லின் நீர்கடத்தும் தன்மை என எட்டு உள்ளீடுகளாவது வேண்டியிருக்கும். அவற்றுள் எதற்கும் ஒரே பெறுமானம் தெரியாது. இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை என ஒரு வீச்சு மட்டுமே தெரியும். மாதிரியுருவை ஒரு தடவை ஓட்டுவதற்கே நேரம் பிடிக்குமாதலால், எட்டுப் பரிமாணப் பெட்டி ஒன்றுக்குள் சில நூறு புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அவை பெட்டி முழுவதையும் சீராகப் பிரதிநிதித்துவம் செய்கின்றன என்ற நம்பிக்கையோடு கணிப்பைத் தொடங்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்பதே கேள்வி. இரு பரிமாணத்தில் படம் வரைந்து கண்ணால் பார்த்துவிடலாம். எட்டுப் பரிமாணத்தில் கண் உதவாது. ஓர் எண் வேண்டும்.

அந்த எண்ணைத் தரும் கருவிகளுள் இலகுவாகக் கிடைப்பது, பைத்தன் மொழிக்கான சைபை நூலகத்தின் புள்ளிவிபரவியல் பகுதியில் உள்ள கியூஎம்சி (குவாசி மொன்டி கார்லோ, அதாவது எழுமாற்றுப் புள்ளிகளுக்குப் பதிலாகச் சீராகப் பரப்பிய புள்ளிகளால் கணிக்கும் முறை) தொகுதியாகும். 2021 இல் வெளிவந்த 1.7 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. கட்டணம் இல்லை, பிஎஸ்டி உரிமத்தின் கீழ் எவரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஒரு தடவை நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலே சாதாரண மடிகணினியில் இயங்கும். வணிக மென்பொருளின் ஆண்டு உரிமத்துக்குப் பணம் கட்ட முடியாத ஒரு மாணவர், திருநெல்வேலியில் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டே, உலகின் எந்த ஆய்வுகூடத்திலும் பயன்படும் அதே கருவியைக் கையாள முடிகிறது என்பதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

கருவி அளப்பது என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அலகுச் சதுரத்துக்குள், உற்பத்தித்தானத்தை (எல்லா ஆள்கூறுகளும் பூச்சியமான புள்ளியை) ஒரு மூலையாகக் கொண்ட செவ்வகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் விழும் புள்ளிகள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று எண்ணி, அந்தப் பங்கிலிருந்து செவ்வகத்தின் பரப்பளவைக் கழிக்க வேண்டும். சீரான பரம்பலில் இந்த வேறுபாடு எல்லாச் செவ்வகங்களுக்கும் சிறிதாக இருக்கும். எல்லாச் செவ்வகங்களிலும் காணப்படும் மிகப் பெரிய வேறுபாட்டை எடுத்தால் அது நட்சத்திர விலகல் எனப்படும். வேறுபாட்டின் வர்க்கத்தை எல்லாச் செவ்வகங்களின் மீதும் தொகையிட்டு வர்க்கமூலம் எடுத்தால் அது எல்2 நட்சத்திர விலகல். முன்னையது ஆக மோசமான ஒரு செவ்வகத்தையும் பின்னையது சராசரி நிலையையும் பேசுகின்றன. சீர்ப் பரம்பல் பற்றிய கோட்பாடு 1916 இல் ஹேர்மன் வைல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 1954 இல் ரோத், எந்த ஒழுங்கில் புள்ளிகளை வைத்தாலும் இந்தச் சராசரி விலகல் ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இறங்காது என்று நிறுவினார். வான் டெர் கோர்புட், ஹால்டன், சோபோல் ஆகியோரின் புள்ளித் தொடர்கள் விலகலைக் குறைப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை.

சைபை நான்கு முறைகளைத் தருகிறது: மையப்படுத்திய விலகலைக் குறிக்கும் சிடி, விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றிவரும் விலகலைக் குறிக்கும் டபிள்யூடி, கலப்பு விலகலைக் குறிக்கும் எம்டி, மேலே சொன்ன எல்2-ஸ்டார். எதையும் குறிப்பிடாவிட்டால் சிடியையே எடுத்துக்கொள்ளும். மையப்படுத்திய விலகலை ஹிக்கர்னெல் 1998 இல் முன்வைத்தார். முழுப் பெட்டியை மட்டுமன்றி, அதன் ஒவ்வோர் அச்சின் மீதும் ஒவ்வோர் அச்சுச் சோடியின் மீதும் விழும் எறியங்களையும் (புள்ளிகளின் நிழல்களையும்) அது கணக்கில் எடுக்கிறது என்பதும், பெட்டியை எந்த மையத் தளத்தில் தெறிக்கச் செய்தாலும் விடை மாறாது என்பதும் அதன் சிறப்புகள். இதனை இயல்பு முறையாக வைத்தது சரியான தெரிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நான்கு முறைகளும் விடையை ஒரே அலகில் தருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய தரவு எதுவும் வேண்டாம். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஆயிடையில் சரி நடுவே ஒரேயொரு புள்ளியை வைத்துக் கருவியைக் கேட்டாலே போதும். சிடி முறை 0.0833 என்று சொல்லும். எல்2-ஸ்டார் முறை 0.2887 என்று சொல்லும். கையால் கணித்தால் இரண்டு சூத்திரங்களும் வர்க்க நிலையில் பன்னிரண்டில் ஒன்றையே தருகின்றன. கருவி, முன்னையதற்கு வர்க்கமூலம் எடுக்காமலும் பின்னையதற்கு எடுத்தும் விடையைத் தருவதே வித்தியாசம். டபிள்யூடியும் எம்டியும் கூட வர்க்கமூலம் எடுக்கப்படாதவையே. அதே புள்ளிக்கு அவை முறையே 0.1667, 0.125 என்பவற்றைத் தரும். சூத்திரம் அறிந்தவருக்கு இது தடையன்று. அறியாதவர், ஒரு நூலில் அச்சிட்ட மையப்படுத்திய விலகலோடு இக்கருவியின் விடையை ஒப்பிட்டால், நூலில் 0.09 என்று இருப்பது இங்கே 0.0081 என்று வருவதைக் கண்டு தமது புள்ளிகள் பத்து மடங்குக்கு மேல் சிறந்தவை என்று முடிவுசெய்யக்கூடும். வர்க்கப் பெறுமானமே தரப்படுகிறது என்ற எச்சரிக்கை ஆவணத்தின் முதல் வரியில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அலகைச் சரிசெய்த பின்னரும், தனித்து நிற்கும் எண் எதையும் சொல்லாது. 0.0159 என்ற விடை நல்லதா கெட்டதா? அதற்கு விடை காண, அதே எண்ணிக்கையான எழுமாற்றுப் புள்ளிகளுக்கு என்ன பெறுமானம் எதிர்பார்க்கப்படும் என்பதை அறிய வேண்டும். நல்ல வேளையாக இதற்கு எளிய சூத்திரம் உண்டு. மையப்படுத்திய விலகலுக்கு, நான்கில் ஐந்தின் (5/4) பரிமாண எண்ணிக்கை வலுவிலிருந்து பன்னிரண்டில் பதின்மூன்றின் (13/12) அதே வலுவைக் கழித்துப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தப் பெறுமானம் கிடைக்கும். இரு பரிமாணத்தில் 256 எழுமாற்றுப் புள்ளிகளுக்கு அது 0.0015, எட்டுப் பரிமாணத்தில் அதே 256 புள்ளிகளுக்கு 0.0159. ஆகவே மேற்சொன்ன 0.0159 எட்டுப் பரிமாணத்தில் வந்தால், உங்கள் புள்ளித் தொகுதி தாயம் உருட்டி எடுத்த புள்ளிகளை விட எவ்வகையிலும் மேம்பட்டதன்று. அதே எட்டுப் பரிமாணத்தில் அதே 256 எழுமாற்றுப் புள்ளிகளுக்கு டபிள்யூடி சுமார் 0.061 ஐயும் எம்டி சுமார் 0.189 ஐயும் தரும். முறைக்கு முறையும் பரிமாணத்துக்குப் பரிமாணமும் எண்களை ஒப்பிடுவது பயனற்றது என்பதை இவை காட்டுகின்றன. எழுமாற்றுப் பெறுமானத்தால் வகுத்து வரும் விகிதமே பேசத்தக்கது. அந்த விகிதத்தைக் கருவி தானாகத் தருவதில்லை என்பதால், இரண்டு வரி நிரலை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்2-ஸ்டார் முறையைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1972 இல் வார்நொக் தந்த சூத்திரத்தால் இது இலகுவாகக் கணிக்கப்படுகிறது. பெயரும் பாடநூல்களில் பழகிய பெயர். ஆனால் பரிமாணம் கூடும்போது இந்த அளவு சீரைப் பற்றிச் சொல்வதையே விட்டுவிடுகிறது. 1998 இல் மட்டூஷெக் சுட்டிக்காட்டிய இந்த விபரீதத்தைக் கருவியிலேயே எவரும் நேரில் பார்க்கலாம். இருபது பரிமாணத்தில் 1024 புள்ளிகளையும், எல்லா ஆள்கூறுகளும் ஒன்றாக உள்ள ஒரே மூலையில் குவித்து வையுங்கள். விலகல் 0.0000169 என்று வரும். நன்றாகப் பரந்த 1024 எழுமாற்றுப் புள்ளிகளுக்கு எதிர்பார்க்கப்படுவதோ சுமார் 0.0000305. அதாவது ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் புள்ளிகள் கூடுதல் சீரானவை என்று அளவு தீர்ப்பளிக்கிறது! புள்ளிகளின் எண்ணிக்கை 3324 ஐத் தாண்டும் வரை இந்தத் தீர்ப்பு மாறாது. அதே குவியலை எதிர் மூலைக்கு, அதாவது உற்பத்தித்தானத்துக்கு நகர்த்தினால் விலகல் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். உற்பத்தித்தானத்தில் தொடங்கும் பெட்டிகளை மட்டும் பார்ப்பதாலும், எறியங்களைக் கருதாமல் முழுப் பரிமாணத்தை மட்டும் கணிப்பதாலும் இப்படி நேர்கிறது. சிடி முறையில் இதே மூலைக் குவியலுக்குச் சுமார் 3309 என்றும் எழுமாற்றுப் புள்ளிகளுக்குச் சுமார் 0.08 என்றும் விடை வரும். எது சீரானது என்பதில் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டு, மூன்று பரிமாணங்களுக்கு மேல் எல்2-ஸ்டாரை எவரும் பயன்படுத்தக் கூடாது என்றே பரிந்துரைக்கிறேன்.

கருவியில் இல்லாத ஒன்றும் உண்டு, அது முக்கியமானது. ஆக மோசமான செவ்வகத்தைப் பேசும் அந்த நட்சத்திர விலகலை சைபை கணிப்பதில்லை. புள்ளிகளில் எடுத்த சராசரியால் தொகையீட்டை மதிப்பிடும்போது வரும் வழு, சார்பின் மாறலையும் (அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவையும்) நட்சத்திர விலகலையும் பெருக்கி வருவதை விஞ்சாது என்று சொல்லும் கொக்ஸ்மா–ஹ்லாவ்கா சமனிலியில் வருவது அதுவே. பட்டப்பின் படிப்பு மாணவர் பலர் இச்சமனிலியைப் படித்துவிட்டு வந்து, கருவி தரும் சிடி எண்ணை அதில் இட்டு வழு எல்லை என்று எழுதுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. அது பிழை. எல்2-ஸ்டாரை இடுவதும் பிழை, ஏனெனில் அது எப்போதும் உண்மையான நட்சத்திர விலகலுக்குச் சமமாகவோ அதைவிடச் சிறிதாகவோ இருப்பதால் எல்லை குறைத்துக் காட்டப்பட்டுவிடும். இந்த இடைவெளிக்கு நூலகத்தை ஆக்கியோரை நான் குறைகூற மாட்டேன். பரிமாணம் உள்ளீட்டின் பகுதியாக மாறும்போது நட்சத்திர விலகலைச் சரியாகக் கணிப்பது என்பி-கடினமானது (விரைவான பொது வழி எதுவும் அறியப்படாத பிரச்சினை வகை) என்று 2009 இல் நிறுவப்பட்டுள்ளது. ஒரு பரிமாணத்தில் மட்டும் அது மிக எளிது: புள்ளிகளை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் சம பங்கின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, ஆகக் கூடிய தள்ளலோடு எண்ணிக்கையின் இரு மடங்கின் தலைகீழைக் கூட்டினால் முடிந்தது. வான் டெர் கோர்புட் தொடரின் முதல் எட்டுப் புள்ளிகளுக்கு விடை எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் பதினாறில் ஒன்றால் வலப்புறம் நகர்த்தினால் பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். இரு பரிமாணத்திலும் நாமே எழுதிக்கொள்ளலாம். பதினாறுக்குப் பதினாறு என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வைத்த 256 புள்ளிகளுக்கு நட்சத்திர விலகல் 63 இன் கீழ் 1024, அதாவது 0.0615 என்று கையாலேயே காணலாம். கண்ணுக்கு மிக ஒழுங்காகத் தெரியும் சதுரக் கட்டம் குறைவிலகல் தொகுதி அன்று என்பதை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல கணக்கு இல்லை.

எட்டு உள்ளீட்டு மாதிரியுருவுக்குத் திரும்பினால், முழுப் பெட்டிக்கும் ஓர் எண் பெறுவதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு முதன்மை எண்ணை எண் அடியாகக் கொள்ளும் ஹால்டன் தொடரை அதன் கலக்கப்படாத (எழுமாற்றாக இடம் மாற்றப்படாத) வடிவில் எடுங்கள். ஏழாம் அச்சுக்கு அடி 17, எட்டாம் அச்சுக்கு அடி 19. முதல் பதினேழு புள்ளிகளின் இந்த இரண்டு ஆள்கூறுகளும் ஒரே நேர்கோட்டின் மீது கிடக்கும். அதன் பின்னரும் சமாந்தரக் கோடுகளாகவே நெடுநேரம் ஓடும். நீரிறைப்பு ஏழாம் அச்சிலும் கல்லின் நீர்கடத்தும் தன்மை எட்டாம் அச்சிலும் இருந்தால், இறைப்புக் கூடி நீர்கடத்தல் குறைந்த நிலை என்ற, நமக்கு மிகவும் வேண்டிய மூலையை மாதிரியுரு ஆரம்பத்தில் பார்க்கவே மாட்டாது. எட்டு அச்சுகளில் 28 சோடிகள் உள்ளன. ஒவ்வொரு சோடிக்குரிய இரண்டு அச்சுகளின் ஆள்கூறுகளையும் தனியே வெட்டி எடுத்துக் கருவிக்குக் கொடுத்து, வரும் 28 எண்களுள் ஆகப் பெரியது எந்தச் சோடிக்கு என்று பார்ப்பது நல்ல பழக்கம். கருவி இதற்கு எவ்விதத் தடையும் செய்வதில்லை. இரு பரிமாண அளவை மிக விரைவாக முடிந்துவிடுகிறது.

சோபோல், ஹால்டன், இலத்தீன் மீகனசதுரம் (ஒவ்வோர் அச்சையும் சம துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டிலும் ஒரேயொரு புள்ளியை வைப்பது) ஆகிய புள்ளி ஆக்கிகளும் அதே தொகுதியில் இருப்பதால் ஆக்குவதையும் அளப்பதையும் ஓரிடத்தில் முடிக்கலாம். சோபோலும் ஹால்டனும் இயல்பாகவே கலக்கப்பட்டு வருகின்றன; எனவே எழுமாற்றுக் கலக்கலைத் தொடக்கிவைக்கும் விதையெண்ணை நிலைநிறுத்தாவிட்டால் ஒவ்வொரு தடவையும் விலகல் சற்று மாறும். சோபோல் ஆக்கியிடம் ஆயிரம் புள்ளிகளைக் கேட்டால், இரண்டின் வலுவாக எண்ணிக்கை இருந்தால்தான் சமநிலைப் பண்பு காக்கப்படும் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்காமல் 1024 ஆகக் கேட்பதே முறை. இலத்தீன் மீகனசதுரத்தை ஆக்கும்போது மையப்படுத்திய விலகல் குறையும்படி ஆள்கூறுகளை மாற்றி மாற்றித் திருத்தும் வசதியும் உண்டு. பயனுள்ள வசதிதான், ஆனால் சிடியைக் குறைத்துத் திருத்திய தொகுதியைச் சிடியாலேயே மதிப்பிட்டு வெற்றி என்று எழுதுவதில் பொருளில்லை. அதனை டபிள்யூடியால் அளந்து பார்க்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, புள்ளிகளை ஒவ்வொரு சோடியாக ஒப்பிடும் சூத்திரம் என்பதால் வேலை எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது. 1024 இலிருந்து 16384 க்குப் போனால் புள்ளிகள் பதினாறு மடங்கு, வேலை 256 மடங்கு. சில ஆயிரம் புள்ளிகள் வரை காத்திருப்பை உணர முடியாது. அதற்கு மேல் கணினியின் எல்லாக் கருக்களையும் பயன்படுத்தச் சொல்லும் தெரிவு கைகொடுக்கும். புள்ளிகளை ஒன்றொன்றாகச் சேர்ப்பவர்க்கு, முழுவதையும் மீளக் கணிக்காமல் விலகலைப் புதுப்பிக்கும் தனிச் சார்பும் உண்டு. அது சிடிக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், அதற்கென ஆரம்ப விடையைத் தனித் தெரிவோடு கணிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பின்னர் சேர்க்கப்பட்ட வடிவியல் விலகல் என்ற சார்பு, புள்ளிகளுக்கிடையிலான ஆகக் குறைந்த தூரத்தை அல்லது அவற்றை இணைக்கும் மிகச் சிறிய மரத்தின் (வளையமின்றி எல்லாப் புள்ளிகளையும் தொடுக்கும் ஆகக் குறுகிய வலையமைப்பின்) பக்க நீளங்களை வைத்து அளக்கிறது. அதில் விடை பெரிதாக இருந்தால்தான் நல்லது. மற்றைய நான்கிலும் சிறிதாக இருந்தால் நல்லது. இரண்டையும் ஒரே அட்டவணையில் இடுபவர் திசையைக் குறித்துவைக்க வேண்டும்.

குடாநாட்டில் இக்கருவியைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. எல்லா ஆள்கூறுகளும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி வழுச் செய்தியோடு நின்றுவிடும். உள்ளீட்டு வீச்சுகளை அந்த ஆயிடைக்கு மாற்றித் தரும் சார்பு அருகிலேயே இருக்கிறது. ஆனால் நீர் மாதிரி எடுக்க வேண்டிய கிணறுகளை நிலப்படத்தில் தெரிவுசெய்வது வேறு வேலை. குடாநாடு சதுரமன்று, நீரேரி உள்ளே நுழைந்து கிடக்கிறது, தொண்டைமானாறும் உப்பாறும் அதை வெட்டிச் செல்கின்றன. சதுரத்தில் பரப்பிய புள்ளிகளில் தண்ணீரில் விழுந்தவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கருவிக்குக் கொடுத்தால், அது மறுப்பின்றி ஓர் எண்ணைத் தரும்; ஆனால் அந்த எண், நீரேரியில் புள்ளி இல்லாததையும் ஒரு குறையாகவே எண்ணியிருக்கும். இத்தகைய வேலைக்கு, ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவின் நிலப்பரப்பு மொத்தத்தில் எத்தனை பங்கு, அங்கே விழுந்த புள்ளிகள் எத்தனை பங்கு என்று நேரடியாக ஒப்பிடுவதே நேர்மையான அளவு.

ஆவணம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. சூத்திரங்கள் தெளிவாகவும் எடுத்துக்காட்டுகள் ஓட்டிப் பார்க்கக்கூடியவையாகவும் இருப்பதால், உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த ஒருவர் ஆசிரியர் ஒருவரின் சிறு வழிகாட்டலோடு இதனைப் பின்தொடரலாம். புதியவர்கள் நடுவில் ஒரு புள்ளி, மூலையில் ஒரு குவியல் ஆகிய இரண்டு சோதனைகளையும் முதலில் ஓட்டி, வரும் எண்களைக் கையால் கணித்த எண்களோடு பொருத்திப் பார்த்த பின்னரே தமது தரவைக் கொடுக்க வேண்டும். பத்துப் பரிமாணம் வரையான மாதிரியுருக்களுக்கு, சிடியை முதன்மை அளவாகவும் டபிள்யூடியைச் சரிபார்ப்பாகவும் சோடி எறியங்களை மூன்றாம் படியாகவும் கொண்டு இக்கருவியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். உண்மையான நட்சத்திர விலகல் உயர் பரிமாணத்தில் வேண்டுமென்போர், 2012 இல் கினேவுக், வால்ஸ்ட்ரோம், வின்சன் ஆகியோர் வெளியிட்ட தேடல் முறையைத் தனியே நிரலாக்க வேண்டியிருக்கும். அது தருவது கீழெல்லை ஒன்றே என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.